அடித்த ஸ்வரத்தை அடக்க முடியாது: கோபுர மணி வாசிப்பவர்களின் கலை

தேவாலய மணி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு கயிறும் அதை இழுக்கும் கோயில்பிள்ளையும்தான். மணி அடிக்கிறது, பூசைக்கு நேரமாயிற்று என்று தெரிகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கோபுர மணிகளில் முழுக் கச்சேரியே வாசிக்கிறார்கள். அதற்கு ஐந்நூறு ஆண்டு மரபு இருக்கிறது. தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, தேர்வும் பட்டயமும் இருக்கின்றன. பல ஊர்களில் நகராட்சிச் சம்பளப் பட்டியலில் அதற்கென்றே ஒரு பணியிடமும் இருக்கிறது.

இந்த வாத்தியத்தின் பெயர் காரிலான். சுருதி சேர்த்த வெண்கல மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் கம்பியால் ஒரு கட்டையோடு இணைத்து, ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்கும்படி அமைத்திருப்பார்கள். குறைந்தது 23 மணிகள், அதாவது இரண்டு ஸ்தாயி அளவுக்கு இருந்தால்தான் காரிலான் என்ற பெயருக்குத் தகுதி. அதற்குக் குறைவாக இருந்தால் வெறும் மணி வரிசை. கச்சேரிக்கு உரியவற்றில் பெரும்பாலும் நான்கு ஸ்தாயி, 47 முதல் 50 மணி வரை இருக்கும். நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் 74 மணிகள். அவற்றில் பெரியதன் எடை சுமார் 18 டன். சின்னஞ்சிறியதை ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோபுர மணிகளை ஒலிக்கச் செய்யும் வழிகள் பல, அவை எல்லாமே காரிலான் ஆகிவிடாது. மணியையே ஊஞ்சலாட்டி அடிப்பது ஒரு வகை. உலகெங்கும் தேவாலயங்களில் கேட்பது அதுதான். இங்கிலாந்தில் மணியைச் சக்கரத்தில் பொருத்தி முழு வட்டமாகச் சுழற்றுவார்கள். மணிக்கு ஒரு ஆள் வீதம் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றிக்கொண்டே போவார்கள். அதில் பாட்டு கிடையாது, கணக்குத்தான் உண்டு. ஏழு மணிகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒன்றுகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். காரிலானில் மணி அசையவே அசையாது. உள்ளே இருக்கும் நாக்கு மட்டும் நகர்ந்து வந்து தட்டும். ஆளும் ஒருவர்தான். கடிகாரத்தோடு இணைந்து தானாகப் பாடும் மணிக்கூண்டுகளையும் இதோடு சேர்க்கக் கூடாது. அங்கே வாசிப்பது எந்திரம்.

ஒரு ஸ்வரம் எப்படிப் பிறக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் கலையின் பாதி புரிந்துவிடும்.

கோபுரத்தின் நடுவயிற்றில், மணிகளுக்குச் சற்றுக் கீழேயோ அவற்றின் நடுவிலேயோ ஒரு சிறு அறை இருக்கும். உள்ளே நீளமான மரப் பெஞ்சு. எதிரே உருண்டை முனை கொண்ட மரக்கட்டைகள் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கு ஈடானவை கீழ் வரிசை, கறுப்புக் கட்டைகளுக்கு ஈடானவை மேல் வரிசை. காலடியில் மிதிகட்டைகள், கனத்த மணிகளை அவற்றால்தான் வாசிப்பார்கள். விரல் நுனிக்கு இங்கே வேலை இல்லை. கையைத் தளர்வாக மூடி, சுண்டுவிரல் பக்கத்தால் கட்டையைக் கீழே தள்ள வேண்டும். சிலர் சுண்டுவிரலுக்குத் தோல் உறை போட்டுக்கொள்வதுண்டு.

கட்டை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். அதன் முனையில் கட்டிய எஃகுக் கம்பி மேலே ஏறிப்போய், திசை மாற்றும் ஓர் இரும்பு நெம்புகோல் வழியாக மணியின் நாக்கை இழுக்கும். நாக்கு மணியின் உட்சுவரை நோக்கி வரும். கட்டை அடிவரை அமுங்கிய பிறகும் நாக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தை நாக்கு தன் வேகத்திலேயே கடந்து, தட்டிவிட்டு விலகிவிடும். இடைவெளி இல்லையென்றால் நாக்கு மணியில் ஒட்டிக்கொண்டு ஒலியை நெரித்துவிடும். அதிகமாக இருந்தால் மெல்ல வாசிக்க வழியில்லை. கட்டை சும்மா அமுங்கும், மேலே சத்தமே வராது.

இதில் வெயிலும் குளிரும் வந்து விளையாடும். கம்பி வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் ஒவ்வொரு கட்டைக்கு மேலேயும் கம்பியில் ஒரு திருகு இருக்கும். வாசிக்க உட்காருபவர் முதலில் செய்வது, ஒவ்வொரு கட்டையாக மெல்ல அமுக்கிப் பார்த்து, திருகுகளை முறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்வதுதான். வீணைக்காரர் சுருதி சேர்ப்பதற்கு இணையான சடங்கு, ஆனால் இங்கே சுருதி மாறாது. அது வார்த்த நாளிலேயே உலோகத்தில் பதிந்துவிட்டது. கையின் உணர்வுதான் ஒவ்வொரு நாளும் மாறுகிறது.

ஆர்கனில் கட்டையை எப்படி அழுத்தினாலும் குழாயில் ஒலி ஒரே அளவில்தான் வரும். காரிலானில் அப்படியில்லை. அழுத்தும் வேகம் நாக்குக்குப் போய்ச் சேருகிறது, நாக்கின் வேகம் ஒலியாகிறது. பல டன் வெண்கலத்திலிருந்து ஒரு முணுமுணுப்பை எடுப்பவர்தான் தேர்ந்த கலைஞர். முரட்டுப் பலம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை வாசித்துப் பார்த்ததில்லை. பெரிய மணிகளின் நாக்கே மிகவும் கனமானது. அதன் எடையை ஈடுகட்ட விற்சுருளும் எதிர் எடையும் வைத்திருப்பார்கள். எனவே தேவைப்படுவது அடக்கம்தான்.

இப்போது இந்த வாத்தியத்தின் பெரிய சிக்கலுக்கு வருவோம். வயலின்காரர் வில்லை எடுத்தால் ஒலி நின்றுவிடும். பியானோவில் விரலை எடுத்தால் கம்பளித் துண்டு கம்பியின் மேல் விழுந்து ஒலியை அடக்கும். காரிலானில் அடக்கும் கருவியே கிடையாது. தட்டியாகிவிட்டால் மணி தானாக ஓயும்வரை ஒலிக்கும். அதிலும் எல்லா மணியும் ஒரே அளவில் ஓய்வதில்லை. உச்ச ஸ்தாயிச் சிறு மணிகள் சட்டென்று அடங்கிவிடும், அடி மணி அரை நிமிடத்துக்கு மேலும் முனகிக்கொண்டிருக்கும். ஆகவே வாசிப்பவர் ஒவ்வொரு கணமும் இரண்டு இசைகளைக் கையாளுகிறார். ஒன்று இப்போது அடிப்பது, மற்றொன்று ஏற்கெனவே அடித்து இன்னும் காற்றில் நிற்பது. பியானோவுக்கு எழுதியதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஐந்தாவது அடியிலேயே எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். கீழ் ஸ்வரங்களைக் குறைக்க வேண்டும், இடைவெளி விட்டு வைக்க வேண்டும், அடி மணியை மெல்லத் தொட்டு மேலே பாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். எதை விடுவது என்று அறிந்தவர்தான் இதற்கு நன்றாக எழுதுகிறார்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு, அது மணியின் உடம்பிலேயே இருக்கிறது.

ஒரு நல்ல மணியைத் தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் வருவதில்லை. அந்த மணியின் சுருதியைச் சட்ஜம் என்று வைத்துக்கொண்டால், அதோடு கீழ் ஸ்தாயிச் சட்ஜம் ரீங்காரமாக நிற்கும். மேலே பஞ்சமமும் மேல் ஸ்தாயிச் சட்ஜமும் ஒலிக்கும். இவற்றோடு, யாரும் கூப்பிடாத விருந்தாளியாக, காந்தாரத்தின் தாழ்ந்த வடிவமான சாதாரண காந்தாரமும் தெளிவாகக் கேட்கும். ஐரோப்பியர்கள் மைனர் என்று சொல்லும் அந்தச் சோகச் சாயல் தேவாலய மணிகளுக்கு இதனால்தான் வருகிறது. நம் காது பிடிக்கும் சுருதி மணியில் தனியாக எங்கும் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. மேல் ஸ்வரங்கள் சேர்ந்து காதில் உண்டாக்கும் தோற்றம் அது.

விளைவு என்ன? மேற்கத்திய இசையின் மகிழ்ச்சியான பாட்டுகளெல்லாம் அதைவிடச் சற்று உயர்ந்த அந்தர காந்தாரத்தின் மேல் நிற்பவை. சட்ஜ மணியையும் அந்தர காந்தார மணியையும் சேர்த்து அடித்தால், சட்ஜ மணிக்குள்ளேயே இருக்கும் சாதாரண காந்தாரம் அதனோடு மோதும். திருமணப் பாட்டில் கொஞ்சம் கலக்கம் ஏறிவிடும். அனுபவசாலிகள் அந்த இரண்டு ஸ்வரங்களையும் வெவ்வேறு ஸ்தாயிகளில் தள்ளி வைத்துச் சமாளிப்பார்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பார்கள். 1980களில் நெதர்லாந்தின் ஐஸ்பவுட்ஸ் வார்ப்படச்சாலை, ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கணினியில் கணக்குப் போட்டு மணியின் வடிவத்தையே மாற்றியது. நடுவில் புடைத்த அந்தப் புது மணி அந்தர காந்தாரத்தோடு ஒலித்தது. கலிபோர்னியாவின் கார்டன் குரோவ் நகரில் அப்படிப்பட்ட 52 மணிகளால் ஒரு காரிலானே அமைத்தார்கள். ஆனாலும் புது மணி பழையதை விரட்டவில்லை. என் சார்பும் பழைய மணியின் பக்கம்தான். அந்தக் கலக்கத்தை எடுத்துவிட்டால் மணியில் மணித்தன்மை குறைந்துபோகிறது.

இந்த உள் ஸ்வரங்கள் தாமாக ஒழுங்காக அமைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்து மணியை வார்ப்பார்கள், வேண்டியதைவிடச் சற்றுத் தடிமனாக. பிறகு கடைசல் எந்திரத்தில் கவிழ்த்து வைத்து, உட்புறத்திலிருந்து உலோகத்தைச் சீவி எடுப்பார்கள். எந்த உயரத்தில் சீவினால் எந்த உள் ஸ்வரம் இறங்கும் என்பதுதான் தொழில் ரகசியம். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கை மீறினால் மணியை உடைத்து மறுபடி உருக்க வேண்டியதுதான். ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் மணியின் விட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். அடி மணி ஒன்றைக் கூட்டுவது என்றால் நகரசபையின் நிதிக்குழு ஏன் முகம் சுளிக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த உள் ஸ்வரங்களை முதலில் பிரித்தறிந்தவர்களில் ஒருவர் கண்பார்வை இல்லாதவர். யாக்கோப் வான் ஐக் 1625இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து டோம் கோபுரத்தில் மணி வாசிப்பவராகச் சேர்ந்தார். மணியைத் தொடாமலே, அருகில் நின்று சரியான சுருதியில் சீழ்க்கை அடித்து, அதற்குள் இருக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டுவார். தத்துவ அறிஞர் டெக்கார்ட் அப்போது நெதர்லாந்தில் வாழ்ந்துவந்தார். இந்த வித்தையைப் பற்றித் தன் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். வான் ஐக் நல்ல புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1649இல் அவருக்குச் சம்பள உயர்வு கொடுத்தபோது, மாலை வேளைகளில் அவ்வப்போது தேவாலய முற்றத்தில் உலாவுபவர்களுக்குக் குழல் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். சம்பளம் ஏறினால் வேலையும் ஏறும் என்ற வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது.

அவருடைய ஆலோசனையைப் பெற்று வேலை செய்தவர்கள் பிரான்சுவா, பீட்டர் என்னும் ஹெமொனி சகோதரர்கள். லொரேன் பகுதியிலிருந்து வந்த ஊர் ஊராகப் போகும் மணி வார்ப்பவர்கள். 1644இல் நெதர்லாந்தின் சட்ஃபென் நகரத்துக்கு அவர்கள் வார்த்துக் கொடுத்த மணிகள்தான் சுத்தமாகச் சுருதி சேர்ந்த முதல் காரிலான் என்று கருதப்படுகிறது. அதற்கு முன்பும் காரிலான் இருந்தது. கட்டை வைத்த மணி வாத்தியம் 1510இலேயே இன்றைய பெல்ஜியத்தின் அவ்தனார்டு நகரில் இருந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் அவை சுருதிக்கு எவ்வளவு அருகில் நின்றன என்று இன்று கேட்காமல் இருப்பதே மரியாதை. ஹெமொனி சகோதரர்கள் ஆம்ஸ்டர்டம், யூட்ரெக்ட் என்று ஊருக்கு ஊர் வார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கைவித்தை பிறகு மெல்ல மெல்ல மறைந்துபோயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்தர் சிம்ப்சன் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதைப் பற்றி எழுத, லஃப்பரோவில் உள்ள டெய்லர் வார்ப்படச்சாலை 1896 வாக்கில் அதை மீட்டெடுத்தது. இடைப்பட்ட காலத்து மணிகள் பலவும் சுருதியில் பிசகியவை.

எதற்காக இந்த நகரங்கள் இத்தனை செம்பையும் பணத்தையும் கோபுரத்தில் ஏற்றின? தொடக்கத்தில் இசைக்காக அல்ல. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, வடக்கு பிரான்ஸ் பகுதிகளில் நகரங்கள் வணிகத்தால் செழித்தன. கோட்டைக் கதவு திறக்க, சந்தை தொடங்க, தீப்பிடித்தால் எச்சரிக்க மணி வேண்டும். மணிக்கோபுரம் வைத்துக்கொள்ளும் உரிமையே ஒரு நகரத்தின் சுதந்திரத்துக்கு அடையாளம். மணி அடிப்பதற்கு முன் மக்களைக் கவனிக்க வைக்கச் சின்ன மணிகளில் ஒரு சிறு முன்னறிவிப்பு அடித்தார்கள். அது மெட்டாயிற்று. முளை அடித்த பெரிய உருளை சுழன்று மணிக்கு மணி அதைப் பாடியது. பக்கத்து ஊரில் எட்டு மணி இருந்தால் நமக்குப் பன்னிரண்டு வேண்டும் என்று போட்டி வளர்ந்தது. பிறகு சந்தை நாளிலும் திருவிழாவிலும் வாசிக்க ஆள் வைத்தார்கள். ஆகவே இவர் பெரும்பாலும் நகரத்தின் ஊழியர், தேவாலயத்தின் ஊழியர் அல்ல. கோபுரம் தேவாலயத்துடையதாக இருந்தாலும் சம்பளம் நகரசபையிலிருந்து வரும்.

இந்தப் போட்டி மனப்பான்மையின் உச்சத்தைப் போர்ச்சுக்கலின் மஃப்ரா அரண்மனையில் பார்க்கலாம். மன்னர் ஐந்தாம் ஜோவான் ஒரு காரிலானுக்கு ஆணை கொடுத்தாராம். விலை மிக அதிகம், யோசித்துச் சொல்லுங்கள் என்று வார்ப்பவர்கள் தயங்க, "இவ்வளவு மலிவு என்று எனக்குத் தெரியாது, இரண்டாகச் செய்யுங்கள்" என்றாராம். கதை உண்மையோ இல்லையோ, இரட்டைக் கோபுரங்களில் இரண்டு காரிலான்கள் இருப்பது உண்மை. பல ஆண்டுகள் மௌனமாகக் கிடந்த அவற்றைப் பழுதுபார்த்து 2020இல் மறுபடி ஒலிக்கவிட்டார்கள்.

வெண்கலம் என்பதுதான் இந்த வாத்தியத்தின் சாபக்கேடும்கூட. பீரங்கியும் வெண்கலத்தில்தான் வார்ப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தபோது ஏராளமான மணிகள் உருக்கப்பட்டன. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் லூவன், ஈப்ர் நகரங்கள் எரிந்தன. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஐரோப்பா முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளை இறக்கி எடுத்துப் போனார்கள். ஹாம்பர்க் துறைமுகத்தில் அவை உருக்கலுக்காகக் குவிந்து கிடந்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றைக் கணக்கெடுத்து ஆய்வு செய்தவர் பெர்சிவல் பிரைஸ் என்ற கனடியர். அவரே காரிலான் கலைஞர், கனடா நாடாளுமன்றத்தின் அமைதிக் கோபுரத்தில் வாசித்தவர். லூவன் பல்கலைக்கழக நூலகம் மறுபடி எழுந்தபோது, போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக அமெரிக்கப் பொறியாளர்கள் 1928இல் அங்கே ஒரு காரிலானை வைத்தார்கள். மொத்தம் 48 மணிகள். அன்றைக்கு அமெரிக்காவில் இருந்த மாநிலங்களும் 48.

அமெரிக்காவுக்கு இந்த மோகம் பரவியதற்குக் காரணமான ஊர் பெல்ஜியத்தின் மெக்கெலன், காரணமான ஆள் ஜெஃப் டெனைன். அங்கே புனித ரும்போல்டு தேவாலயக் கோபுரம் 97 மீட்டர் உயரம். உச்சிவரை 538 படிகள். டெனைனின் தந்தை அந்நகரத்து மணி வாசிப்பவர். அவருக்குப் பார்வை போனபோது மகன் அந்த இடத்துக்கு வந்தார். டெனைன் வருவதற்கு முன் காரிலான் என்பது சந்தை இரைச்சலுக்கு நடுவே பின்னணியில் ஓடும் ஒன்று. அவர் அதைக் கச்சேரியாக்கினார். கம்பிகளையும் நெம்புகோல்களையும் திருத்தி, மெல்லிய வாசிப்பும் கைக்கு எட்டும்படி செய்தார். சட்டென்று ஓயும் சிறு மணிகளை இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டி, நீண்டு நிற்கும் பாட்டாக மாற்றினார். மனிதக் குரல் நடுங்கிப் பாடும் உணர்வு அதில் வந்தது. 1892இல் திங்கட்கிழமை மாலைக் கச்சேரிகளைத் தொடங்கினார். சந்தை ஓய்ந்து, வண்டிச் சத்தம் அடங்கி, ஊர் கேட்கத் தயாராக இருக்கும் நேரம். ரயில் ஏறி வெளியூர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. இன்றும் கோடையில் அங்கே திங்கட்கிழமை மாலையில்தான் கச்சேரி.

1922இல் டெனைனின் தலைமையில் மெக்கெலனில் உலகின் முதல் காரிலான் பள்ளி திறக்கப்பட்டது. அமெரிக்கர்களின் பணமும் அதில் உண்டு. அங்கே படித்தவர்களும் டெனைனின் சீடர்களும் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். ராக்பெல்லர் குடும்பம் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் மாபெரும் காரிலான்களை எழுப்பியது. புளோரிடாவின் லேக் வேல்ஸில் தோட்டத்தின் நடுவே 1929இல் போக் கோபுரம் திறக்கப்பட்டது. அங்கே வாசித்த ஆன்டன் பிரீஸ், பெல்ஜியத்திலிருந்து வந்தவர். சாமுவேல் பார்பர், மெனோட்டி போன்ற இளம் இசையமைப்பாளர்கள் அங்கேதான் இந்த வாத்தியத்துக்கு எழுதக் கற்றார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது வேறு ஒரு திசையில் வளர்ந்தது. யேலில் மாணவர் குழு ஒன்றே காரிலானை நடத்துகிறது. முந்தைய ஆண்டு மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வகுப்பு முடிந்து ஓடிவந்து படியேறி வாசிக்கிறார்கள்.

நெதர்லாந்தில் 1953இல் ஆமர்ஸ்ஃபூர்ட்டில் இன்னொரு பள்ளி தொடங்கியது. பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: எங்கே பயிற்சி செய்வார்கள்? கோபுரத்தில் தப்பும் தவறுமாக வாசித்தால் ஊரே கேட்கும். ஒரே அடியை நாற்பது முறை திருப்பினால் கீழே காப்பிக் கடைக்காரர் புகார் எழுதுவார். அதனால் கட்டைகளும் மிதிகட்டைகளும் கோபுரத்தில் உள்ள அதே அளவில் அமைந்த பயிற்சிக் கருவி ஒன்றைத் தரையில் வைத்திருப்பார்கள். அதில் மணிக்குப் பதில் சிறு உலோகத் தகடுகள் ஒலிக்கும், அல்லது மின்னணு ஒலி வரும். மணிக்கணக்கில் அங்கே உழைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். ஆனால் தகட்டில் கேட்ட பாட்டு மணியில் வேறாகிவிடும். அந்த மிச்ச ஒலியைத் தகடு கற்பிக்காது. கடைசிப் பாடம் எப்போதும் பொதுமக்கள் முன்னிலையில்தான்.

மேலே உட்கார்ந்திருப்பவருக்கே தன் இசை சரியாகக் கேட்காது என்பது இன்னும் கொடுமை. அறைக்கு அருகில் உள்ள மணிகள் அதிர்ந்து கேட்கும், தள்ளி இருப்பவை மங்கலாக வரும், கட்டைகளின் தடதடப்பும் கம்பிகளின் உரசலும் இடையே கலக்கும். கீழே சதுக்கத்தில் எப்படிக் கேட்கிறது என்பதை அனுபவத்தால் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். கோபுரத்துக்குக் கோபுரம் கதை மாறும். ஒரு காரிலானில் மத்திய ஸ்வரம் என்று எழுதியிருப்பதை அடித்தால் இன்னொன்றில் இரண்டு ஸ்வரம் தள்ளிக் கேட்கும், ஏனென்றால் அடி மணி எந்தச் சுருதியில் அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கஜானாதான் தீர்மானித்திருக்கும். விருந்தினராக வாசிக்க வருபவர் கட்டையின் கனம், மணிகளின் குணம், காற்றின் திசை எல்லாவற்றையும் ஓரிரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். சொந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாத கலைஞர் இவர்.

என்ன வாசிப்பார்கள்? 18ஆம் நூற்றாண்டில் லூவனில் வாழ்ந்த மத்தியாஸ் வான்டென் ஹெயின் எழுதிய முன்னிசைகள் இன்றும் எல்லா மாணவரும் கடந்தாக வேண்டிய பாலம். 1950களிலிருந்து அமெரிக்கர்கள், மணிக்குள் இருக்கும் சாதாரண காந்தாரத்தோடு சண்டை போடாமல் அதற்கு இசைவான ஸ்வர வரிசைகளில் புதிதாக எழுதினார்கள். நாட்டுப்பாடல், திரைப்பாட்டு, ராக் எல்லாமும் உண்டு. 2016இல் பாடகர் டேவிட் போவி இறந்த செய்தி வந்ததும், யூட்ரெக்ட் நகரத்துக் கலைஞர் மால்கோசியா ஃபீபிக் டோம் கோபுரத்திலிருந்து அவருடைய இசையை வாசித்தார். கீழே தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். வேறெந்தக் கலைஞராலும் ஒரு நகரத்தின் துக்கத்தை இப்படி டிக்கெட்டும் அறிவிப்பும் இல்லாமல் ஒரே நேரத்தில் எல்லோர் காதிலும் போட முடியாது. கேட்க விரும்பாதவர் காதிலும் விழும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே பாட்டை ஊர் வெறுக்கும்வரை வாசிக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

பெல்ஜியம் இந்தக் கலையைக் காத்துவரும் முறையை யுனெஸ்கோ 2014இல் முன்மாதிரிப் பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கேட்பதற்குச் சில யோசனைகள். கோபுரத்தின் அடியில் நிற்காதீர்கள். ஒலி மேலே சன்னல்கள் வழியாகப் பக்கவாட்டில் வெளியேறும், அடியில் நிற்பவருக்குப் பாதிதான் வந்து சேரும். ஒரு தெரு தள்ளி, வண்டிப் போக்குவரத்து இல்லாத முற்றமோ தோட்டமோ பார்த்து உட்காருங்கள். மெக்கெலனில் கேட்பவர்களுக்காக அப்படி ஒதுக்கிய இடமே உண்டு. முதல் பத்து நிமிடம் மேல் மணிகளில் ஓடும் பாட்டைத் துரத்தாமல், அடி மணி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வாசிப்பவரின் திறமை அந்த இடைவெளியில்தான் தெரியும்.

படியேற முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வண்டியில் பொருத்திய நடமாடும் காரிலான்கள் ஐரோப்பாவில் திருவிழாக்களுக்கு வருவதுண்டு. அடி மணிகளின் கம்பீரம் அவற்றில் கிடைக்காது. ஆனால் மூடிய கை கட்டையில் இறங்குவதையும் நாக்கு மணியைத் தொட்டு விலகுவதையும் நாலடி தூரத்திலிருந்து பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் வாசித்து முடித்தவரிடம் நேரிலேயே கேட்டுவிடலாம்.